சிறு கொட்டகையும் அதன் பார்வையாளரும்

தமிழ்நாட்டில் சினிமா கட்டடத்துக்குள் குடியேறும் முன்பே கூடாரத்துக்குள் வந்துவிட்டது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி திரையரங்கைத் தொடங்கினார். ஊருக்கு வெளியே புறம்போக்கிலோ தரிசிலோ எழும்பும் கூடாரம், கடைவீதியை ஒட்டி நிற்கும் ஒற்றைத் திரையரங்கு ஆகிய இரண்டு வழிகளில்தான் அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் தமிழர்கள் படம் பார்த்தார்கள். பெரும்பாலும் இரண்டுமே ஒரு குடும்பத்தின் சொத்தாகவோ இரண்டு மூன்று கூட்டாளிகளின் தொழிலாகவோ இருந்தன. முதலாளி அதே ஊர்க்காரர், அல்லது பக்கத்து ஊர்க்காரர். படம் பார்க்க வருகிறவர்களை அவருக்கு முகம் தெரியும்.

இந்தச் சிறு அரங்குகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பழைய நினைவுகளின் இனிமையோடு நின்றுவிடுகிறது. மணல் தரை, முறுக்கு, விசில் என்று ஒரு சித்திரம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. அந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் தரை ஏன் மணலாக இருந்தது, இடைவேளை ஏன் மூன்று முறை வந்தது, திரையில் ஏன் கோடுகள் விழுந்தன என்ற கேள்விகளுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அங்கு வந்தவரின் அனுபவத்தைத் தீர்மானித்ததில் படத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு உரிமத்துக்கும் கூரைக்கும் இயந்திரத்துக்கும் உண்டு.

முதலில் உரிமம். 1955ஆம் ஆண்டின் சென்னை சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் 1957இல் வந்த விதிகளும் நிரந்தர அரங்கு, அரை நிரந்தர அரங்கு, டூரிங் சினிமா என்று அரங்குகளை வகைப்படுத்தின. டூரிங் கொட்டகைக்குக் குறுகிய கால உரிமமே கிடைத்தது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் இடம் பெயர வேண்டும். ஆகவே எளிதில் பிரித்தெடுக்கக் கூடிய அமைப்பாகவே கொட்டகை இருந்தது. மூங்கிலும் சவுக்குக் கம்பும் நட்டு மேலே தென்னங்கீற்றோ கித்தானோ போட்டார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் இருப்போமா என்று தெரியாத முதலாளி சிமெண்டுத் தரைக்கும் நாற்காலிகளுக்கும் பணம் செலவழிக்க மாட்டார். மணல் தரை அப்படி வந்ததுதான். கீற்றுக் கூரைக்கு இன்னொரு விளைவும் உண்டு. பகலில் வெளிச்சம் உள்ளே இறங்கும் என்பதால் காலைக் காட்சியும் மதியக் காட்சியும் நடத்த முடியாது. பொழுது சாய்ந்தபின் முதல் ஆட்டம், இரவு பத்து மணியளவில் இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான். நாள் முழுக்க வயலிலும் களத்திலும் நின்றவர்களின் ஓய்வு நேரமும் அதுவாகவே இருந்ததால் அந்தக் குறை பெரிதாக உறுத்தவில்லை.

படம் பார்க்கும் அனுபவம் கொட்டகை வாசலில் தொடங்கவில்லை, வீட்டிலேயே தொடங்கிவிட்டது. காலையில் மாட்டுவண்டியிலோ சைக்கிள் ரிக்‌ஷாவிலோ தட்டி கட்டி, பறையோ தண்டோராவோ முழங்க நோட்டீஸ் போட்டுக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் அந்த மஞ்சள், சிவப்பு நோட்டீசுக்காக வண்டியின் பின்னால் ஓடுவார்கள். மாலையில் கொட்டகையின் குழாய் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். முதலில் பக்திப் பாடல் என்பது எழுதாத விதி. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாடல் பல ஊர்களில் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. எந்தப் பாட்டு முடிந்தால் டிக்கெட் கொடுப்பார்கள் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். கைக்கடிகாரம் இல்லாத கிராமங்களில் உலை வைப்பதும் மாட்டைக் கட்டுவதும் அந்த இசைத்தட்டுகளின் வரிசையை ஒட்டியே நடந்தன. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்க்காரர்கள் பாட்டு மாறுவதைக் கேட்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

டிக்கெட் கொடுக்கும் இடம் வேறொரு உலகம். ஆள் அகலத்துக்கு மட்டும் இடம்விட்டு இரண்டு பக்கமும் சுவரோ மூங்கில் தடுப்போ எழுப்பிய நீண்ட சந்து. அதன் முனையில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. புதுப்படம் வந்த நாளில் அந்தச் சந்தில் நெரிபடாமல் யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. சட்டை கிழிந்தவர்களும் செருப்பைத் தொலைத்தவர்களும் உண்டு. வரிசையில் நிற்பவர்களின் தோள்மீது ஏறி நடந்து போய் ஓட்டைக்குள் கையை விடுகிற துணிச்சல்காரர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். பெண்களுக்குத் தனிச் சன்னல் இருந்ததால் ஆண்களில் சிலர் வரிசையில் நிற்கும் பெண்களிடம் காசைக் கொடுத்து வாங்கித் தரச் சொல்வதும் வழக்கம். நகரத்து அரங்குகளில் இதே நெரிசல் பிளாக் டிக்கெட்டுக்கு வழிவிட்டது. சிறு கொட்டகையில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. உள்ளே இத்தனை பேர்தான் என்ற கணக்கு ஏட்டில் இருந்தாலும் மணல் தரையில் இன்னும் நாலு பேர் நெருக்கி உட்காருவதைத் தடுக்க ஆளில்லை.

உள்ளே தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்புகள். ஊர் கொஞ்சம் பெரிதாகி அரங்கு கட்டடமாக மாறியிருந்தால் பால்கனியும் சேர்ந்துகொள்ளும். திரைக்கு மிக அருகில் இருப்பது தரை. விலை மிகக் குறைவு, கூட்டம் மிக அதிகம். வந்தவர்கள் மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவருக்கு மறைத்தால் சண்டை வரும். சண்டை முற்றினால் டார்ச் விளக்கோடு கொட்டகை ஆள் வந்து மேட்டைக் காலால் தட்டிச் சமமாக்கிவிட்டுப் போவார். குழந்தைகள் பாதிப் படத்தில் மணலிலேயே தூங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு மூட்டைப்பூச்சியின் தொல்லை இருந்தது. தரையில் இருந்தவர்களுக்கு அது இல்லை.

ஆண்களையும் பெண்களையும் பிரிக்கத் தரைப் பகுதியின் நடுவே இடுப்பளவு மண்சுவரோ தட்டியோ இருக்கும். இந்தப் பிரிவினை இன்று பழமையாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் கிராமத்துப் பெண்களைக் கொட்டகைக்குள் வரவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆண் துணையில்லாமல் இரவில் வீட்டை விட்டு வெளியே போய்வருவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட இடங்கள் மிகக் குறைவு. கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடியாகக் கொட்டகை அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அம்மன் படங்கள் ஓடும்போது பெண்கள் பகுதியில் சிலருக்கு அருள் வருவதும், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துவதும், நிர்வாகமே திருநீறும் வேப்பிலையும் தயாராக வைத்திருப்பதும் வழக்கமாயின. அப்படிப்பட்ட நேரத்தில் கொட்டகைக்கும் கோயிலுக்கும் இடையில் அங்கிருந்தவர்கள் கோடு எதுவும் கிழிக்கவில்லை.

இந்த இருக்கை முறையைப் பற்றி ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்த தம் நூலில் முக்கியமான ஒரு கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமா அரங்குதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கொடுத்த காசு என்பது அந்தக் கருத்தின் சாரம். கோயிலும் கூத்து மேடையும் தராத ஒன்றை ஒரு வியாபாரம் தந்தது என்பது சிறிய செய்தி அல்ல. ஆயினும் இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் இருந்த சாதி வேற்றுமை டிக்கெட் கிழிக்கும் இடத்தில் கரைந்து போய்விடவில்லை; யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் அது எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தது. 2023 மார்ச் மாத இறுதியில் சென்னையின் ஒரு திரையரங்கில் கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினரை வாசலிலேயே நிறுத்தினார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ், சிறுவர்களை விட முடியாது என்று நிர்வாகம் காரணம் சொன்னது. அங்கிருந்தவர்கள் எதிர்த்துக் கேட்ட பிறகே உள்ளே விட்டார்கள். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் சமம் என்ற அந்த எளிய உரிமையைக்கூட இன்றும் யாராவது காவல் காக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது இயந்திரம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். 16,000 அடிப் படம் என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருளைகளில் ஏற்றி ஓட்டினார்கள். நகரத்து அரங்குகளில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். ஒன்று முடியும் தறுவாயில் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். ஆபரேட்டர் இரண்டாவதை ஓடவிடுவார். உட்கார்ந்திருப்பவருக்கு மாற்றமே தெரியாது. டென்ட் கொட்டகையில் இருந்தது ஒரே இயந்திரம். உருளை தீர்ந்தால் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடி விளக்கை அணைக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள் வந்தது இதனால்தான்.

குறையாகத் தொடங்கிய இந்த நிறுத்தங்கள் பார்வையாளருக்கு வரமாக முடிந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதையைப் பற்றிய பேச்சு எழும்பும். வில்லனை இப்போதே கொன்றிருக்கலாம் என்பார் ஒருவர். அதற்குள் கொன்றால் கதை எங்கே என்பார் இன்னொருவர். தாமதமாக வந்தவருக்கு முன்கதை சொல்லப்படும். தட்டில் முறுக்கும் தட்டையும் கடலை உருண்டையும் ஏந்திய பையன்கள் கால்களுக்கிடையில் நுழைந்து வருவார்கள். சோடா பாட்டிலின் கோலியை உடைக்கும் ஓசை வரிசையாகக் கேட்கும். பீடிப் புகை ஒளிக்கற்றையில் சுருண்டு எழும். புகைபிடிக்கக் கூடாது என்ற சிலைடு அதே நேரத்தில் திரையில் நிற்கும். பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை வந்தபோது, அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலானவை இல்லாமல் போயிருந்தன.

வெளிச்சமும் ஒரு கைவேலை. அன்றைய புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரியும் மின்வில்லே ஒளி தந்தது. குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியை ஆபரேட்டர் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் திரை மங்கிப் பழுப்பாகும். உடனே தரையிலிருந்து விசிலும், “லைட்டு, லைட்டு” என்ற கூச்சலும் கிளம்பும். படம் அறுந்தாலும் அதே கூச்சல். இயந்திரத்தில் சிக்கி நின்ற சட்டம் சூட்டில் உருகிக் குமிழ் விடுவதைத் திரையிலேயே பார்க்கலாம். இன்றைய அரங்கில் ஒலியோ ஒளியோ குறைந்தால் புகார் சொல்ல யாரைத் தேடுவது என்று தெரியவில்லை. அன்று ஆபரேட்டர் அறையின் சிறு துவாரம் பார்வையாளரின் குரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கூச்சல் போட்டால் வேலை நடந்தது. இந்தப் பதிலளிக்கும் கடமைதான் சிறு அரங்கின் மிகப் பெரிய சிறப்பு. வசதி எதுவும் இல்லாத இடத்தில் வாடிக்கையாளருக்கு இருந்த ஒரே அதிகாரம் அது; அதை அவர்கள் தயங்காமல் பயன்படுத்தினார்கள்.

கிராமத்துக்கு வந்த படச்சுருள் ஏற்கெனவே களைத்துப் போனது. ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரதிகள் எடுத்த காலம் அது. பெருநகரங்கள் ஏ சென்டர், நடுத்தர ஊர்கள் பி சென்டர், டென்ட் கொட்டகைகள் சி சென்டர் என்று வியாபாரம் பிரித்திருந்தது. நூறு நாள் ஓடி முடித்து, பல ஊர்களின் இயந்திரங்களில் உரசி, கீறலோடும் வெட்டோடும் பிரதி கடைசியில் வந்து சேரும். கீறல்கள் திரையில் இடைவிடாத மழைக் கோடுகளாக விழும். அறுந்து ஒட்டிய இடங்களில் வசனம் பாதியில் தாவும். விருப்பமான பாட்டின் ஒரு சரணமே காணாமல் போயிருக்கும். இந்தத் தேய்மானம்தான் வாடகையைக் குறைத்தது. வாடகை குறைந்ததால்தான் தரை டிக்கெட் காசுக் கணக்கில் இருக்க முடிந்தது. ஒரே பிரதியைப் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கொட்டகைகள் இரண்டு பகிர்ந்துகொண்டதும் உண்டு. முதல் பாதி இங்கே முடிந்ததும் பெட்டியைச் சைக்கிளில் கட்டி அங்கே கொண்டு போவார்கள். மழையில் சைக்கிள் தாமதமானால் இரண்டாவது ஊரே பெட்டிக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு வந்த படம் சலிக்கவில்லையா என்றால், இல்லை. அதற்குள் படத்தின் பாடல்கள் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வழியாக ஊரின் வாயில் புழங்கியிருக்கும். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதைவசன இசைத்தட்டுகள் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ஒலித்திருக்கும். 1984இல் வந்த ‘விதி’யின் வசன ஒலிநாடா டீக்கடைதோறும் ஓடியது. ஆகவே சி சென்டர் பார்வையாளர் கதை தெரியாமல் உள்ளே நுழையவில்லை. தெரிந்த வசனத்தை நடிகருக்கு ஒரு கணம் முன்பே சொல்லிவிடுவதும், தெரிந்த பாட்டோடு சேர்ந்து பாடுவதும், கதாநாயகன் முகம் தெரிகிற முதல் காட்சியில் காகிதம் கிழித்து வீசுவதும் அங்கே பார்ப்பதன் ஒரு பகுதி. அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி மதுரையின் ஏழை மக்களிடையே தங்கி ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூல், இப்படிப்பட்ட பார்வையாளர்களையும் ரசிகர் மன்றங்களையும் மதிப்போடு கவனித்தது. கற்றவர் வட்டாரத்தில் அன்று அந்த மதிப்பு அரிதாகவே இருந்தது. அமைதியாகப் பார்ப்பது மட்டுமே நாகரிகம் என்று கருதுகிறவர்கள், கூத்தும் நாடகமும் பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தின் பழக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

கொட்டகையின் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது அங்கே உட்கார்ந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. காய்ந்த கீற்று, மின்வில், பீடி நெருப்பு, குறுகிய வாசல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. 1979இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகையில் பற்றிய தீ ஏராளமான உயிர்களைக் குடித்தது. கட்டடம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்த விபத்து காட்டியது. அங்கே மூச்சுத் திணறியவர்களுக்கு வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. வெளியேறும் வழிகளின் அகலம், நடைபாதை, தீயணைப்புக் கருவி என்று உரிமத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளைப் பல சிறு முதலாளிகள் தொல்லையாகப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் இருட்டில் உட்காரும் ஒருவர் தன் உயிரை முதலாளியின் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்பதே அந்த நிபந்தனைகளுக்குக் காரணம்.

தொழில்நுட்பம் மாறியபோதெல்லாம் சிறு அரங்கு செலவழித்தாக வேண்டியிருந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அந்த வகைப் படத்தைக் காட்டத் தனி லென்சும் அகலத் திரையும் வேண்டும். 1996இல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் டிடிஎஸ் என்ற மூன்றெழுத்து சுவரொட்டியில் இல்லையென்றால் இளைஞர்கள் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். இதற்கிடையில் 1975இல் சென்னைத் தொலைக்காட்சி, எண்பதுகளில் வீடியோ டெக், 1993இல் சன் டிவி. கீற்றுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. கட்டடங்கள் கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் மாறின.

எஞ்சியவற்றை டிஜிட்டல் முறை மாற்றியது. 2010களின் நடுப்பகுதிக்குள் படச்சுருள் வழக்கொழிந்தது. பார்வையாளருக்கு இதில் கிடைத்த நன்மை பெரிது. மழைக் கோடு இல்லை, வெட்டு இல்லை, சென்னையில் வெளியாகும் அதே வெள்ளிக்கிழமையில் சிற்றூரிலும் அதே படம். ஆனால் நூறு நாள் கழித்துக் குறைந்த வாடகைக்கு வரும் பிரதி என்ற ஏற்பாடும் அதோடு ஒழிந்தது. தரை டிக்கெட்டின் மலிவுக்கு அடிப்படையே அந்த ஏற்பாடுதான். படம் இப்போது முதல் வாரத்திலேயே தன் வருமானத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். சிறு அரங்கும் முதல் வாரத்து விலையில்தான் விற்க வேண்டும். டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணத்தை யார் ஏற்பது என்ற தகராறில் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதிவரை புதிய தமிழ்ப் படங்கள் வெளிவரவில்லை. பெரிய நிறுவனங்கள் வேற்றுமொழிப் படங்களால் அந்தக் காலத்தை ஓரளவு கடந்தன. தமிழ்ப் படத்தை மட்டுமே நம்பிய சிற்றூர் அரங்குகள் ஆளில்லாமல் கிடந்தன. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய அரங்குகள் தமிழ்நாட்டில் நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திறக்கப்பட்டன. சென்னையில் 1967 முதல் இயங்கிய அகஸ்தியா அந்தத் திறப்புவரை தாக்குப்பிடிக்கவில்லை. அசோக் நகரின் உதயம் 2024இல் மூடப்பட்டது.

இன்றும் இயங்கும் சிற்றூர் அரங்குகள் குளிர்சாதனம் போட்டு, இருக்கைகளை மாற்றி, சில இடங்களில் ஒரே கூடத்தை இரண்டாகப் பிரித்து நடத்தப்படுகின்றன. டிக்கெட் கைப்பேசியில் வாங்கப்படுகிறது. சந்தும் ஓட்டையும் போயின. நெரிசல் இல்லாத இந்த வசதியைப் பெண்களும் முதியவர்களும் வரவேற்பது நியாயம். வந்தவரின் செலவில் டிக்கெட்டைவிடத் தின்பண்டமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் முந்திக்கொள்ளும் நிலை மட்டும் பெருநகரத்திலிருந்து மெல்லச் சிற்றூருக்கும் வருகிறது. நாலு பேர் கொண்ட ஒரு கூலிக் குடும்பம் மாதம் ஒரு படம் பார்க்க முடியுமா என்பதை இந்தச் சில்லறைச் செலவுகளே தீர்மானிக்கின்றன. வரியைப் பொறுத்தவரை 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் தனித்தனி விகிதம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதமாகவே தொடர்கிறது. இந்தக் குறைப்பின் பயன், இன்னும் 100 ரூபாய்க்குள் டிக்கெட் விற்கும் சிறு அரங்குகளுக்கும் அங்கே வருகிறவர்களுக்கும்தான்.